நூற்றைம்பது இறாத்தல்

நான் வாய்க்கால் கட்டில் மயங்கி விழுந்ததைப் பற்றி எங்கள் குடியேற்றத்தில் இரண்டு கதை இருந்தது. வெறியில் விழுந்தான் என்று ஒரு கதை. அது பொய். அந்த மாதங்களில் நான் கள்ளைத் தொட்டதேயில்லை. செய்வினையால் விழுந்தான் என்பது மற்றக் கதை. அதுவும் பொய், ஆனால் அதை ஊர் முழுக்கப் பரப்பியதில் எனக்கும் பங்கு உண்டு. நடந்தது இதுதான்: ஐந்து ஏக்கர் வயலும் வீடு நிறைய நெல்லும் வைத்துக்கொண்டு நான் பட்டினியில் விழுந்தேன். யாரும் என்னைப் பட்டினி போடவில்லை. நானே போட்டேன்.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு இருந்தது நாலு பரப்புத் தோட்டமும் ஒரு பங்குக் கிணறும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் திட்டத்தில் காணி கிடைத்து நான் கிளிநொச்சிக்கு வந்தபோது இருபத்தைந்து வயது. முதல் நாலு வருடம் காடு வெட்டினேன், யானைக்குப் பயந்து மரத்துக் குடிலில் படுத்தேன், காய்ச்சலில் நடுங்கினேன். எலும்பும் தோலுமாகத்தான் இருந்தேன். பிறகு வயல் விளைந்தது. அதோடு நானும் விளைந்தேன். முப்பத்துநாலு வயதில் என் வயிறு எனக்கு ஒரு முழம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. சோறு கண்டவன் என்று ஊருக்குத் தெரிந்தால் என்ன குறை?

கவலை சவாரியால் வந்தது.

சவாரி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நீளமான திடலில் இரண்டு மாட்டு வண்டில்களைப் பக்கத்தில் பக்கத்தில் விட்டு ஓட்டுவது. ஒவ்வொரு வண்டிலிலும் இரண்டு மாடு, இரண்டு ஆள். ஒருவன் முன்னால் இருந்து கயிறு பிடிப்பான். மற்றவன் பின்னால் நின்று கத்துவான், கம்பால் தட்டுவான். வண்டிலுக்குக் கூடு கிடையாது. சில்லும் சட்டமும் ஒரு பலகையும்தான். மாடு பாய்ந்தால் அந்தப் பலகையில் குந்தியிருப்பது குரங்கு கிளையில் இருப்பது போல. விழுந்தால் பக்கத்து வண்டிலின் சில்லுக்குள்தான் விழவேண்டும்.

எங்கள் சோடி மாடு எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும் பொது. அவள் கூடப் பிறந்தது அவன் ஒருவன்தான். அவனுக்கு இருபத்துமூன்று வயது, கலியாணம் முடித்து எட்டு மாதம், ஆள் பூவரசந்தடி மாதிரி மெலிவு. நான் கயிறு. அவன் பின்னால். அவன் தொண்டையைப் போல ஒரு தொண்டை வன்னியில் எவனுக்கும் இல்லை. அவன் கத்தினால் எங்கள் மாடு மட்டுமல்ல, அடுத்த வண்டில் மாடும் சேர்ந்து பறக்கும்.

தைப்பொங்கல் கழிந்து பரந்தனில் ஒரு சவாரி. அரைக் கழுத்து வித்தியாசத்தில் தோற்றோம். தோல்வி எனக்குப் புதிதல்ல. ஆனால் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவன் கத்தியது இன்றைக்கும் காதில் கிடக்கிறது.

“டேய், அங்கை பாரடா! மூண்டு மாடு வருது. ரெண்டு இழுக்குது, ஒண்டு ஏறி இருக்குது!”

திடல் முழுக்கச் சிரித்தது. திரும்பி வரும் வழியில் மச்சான்தான் வாயைத் திறந்தான்.

“அத்தான், கோவிக்காதேங்கோ. மாட்டிலை பிழையில்லை.”

“அப்ப என்னத்திலை பிழை?”

“தராசிட்டைக் கேளுங்கோ.”

அடுத்த நாள் அரிசி மில்லுக்குப் போய் மூடை நிறுக்கிற தராசில் ஏறினேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு இறாத்தல். மில்காரன் மூடைக்குப் போடுகிற வெண்கட்டியால் என் முதுகில் இலக்கம் எழுதப் போனான். பகிடியாம். அவனுடைய கையைத் தட்டிவிட்டு இறங்கினேன். சித்திரை வருடப்பிறப்புக்குக் கிளிநொச்சியில் பெரிய சவாரி இருந்தது. அதற்குள் நூற்றைம்பதுக்கு வருவதென்று அந்தத் தராசடியிலேயே முடிவெடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

காலையில் சீனியில்லாத வெறுந்தேநீர். மத்தியானம் ஒரு சிரட்டை சோறு, அதுவும் கீரையோடு. பின்னேரம் கொள்ளு அவித்த தண்ணீர். கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கொழுப்புக் கரைந்து முடிந்தபிறகு வேறு எதைக் கரைக்கும் என்று எவனும் எனக்குச் சொல்லவில்லை.

விடியற்புறம் வாய்க்கால் கட்டில் ஓடினேன். போக ஒரு மைல், வர ஒரு மைல். அந்தக் காலத்தில் வன்னியில் வளர்ந்த மனிதன் ஓடினால் மூன்று காரணம்தான் இருக்கும்: யானை, நெருப்பு, மாடு. நான் சும்மா ஓடுவதைப் பார்த்தவர்கள் வேலியோடு வந்து நின்றார்கள். நாய்கள் என்னோடு ஓடின. முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து சைக்கிளில் சாரமும் சீலையும் மூட்டை கட்டிக்கொண்டு வரும் முஸ்லிம் வியாபாரி ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் நானா. முதல் நாள் என்னைக் கண்டு சைக்கிளை நிறுத்திவிட்டார்.

“என்ன தம்பி, மாடு அவிட்டுக்கொண்டு போயிட்டுதா? எந்தப் பக்கம் போனது, நானும் வாறன்.”

“மாடில்லை நானா. மெலியிறதுக்கு ஓடுறன்.”

அவர் என் வயிற்றைப் பார்த்தார். “நாங்க ஒரு மாசம் நோன்பு பிடிக்கிறம். ஆனா நோன்போட ஓடச் சொல்லி ஒருத்தரும் சொல்லயில்ல.”

சிரித்துக்கொண்டு போய்விட்டார். அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மாசியில் அரிவு வெட்டு. கொள்ளுத் தண்ணீரோடு வயலில் நின்று வெட்டினேன், சூடு மிதித்து நெல் உதிர்த்தேன், மூடை தூக்கினேன். இறாத்தல் விழுந்துகொண்டேயிருந்தது. நூற்றெண்பது. நூற்றெழுபத்திரண்டு. மச்சானுக்கு வாயெல்லாம் பல். வாரத்துக்கு ஒருக்கால் என்னை மில்லுக்குக் கூட்டிப்போவது அவனுடைய வேலையாயிற்று. மாடுகளுக்கோ அந்த மாதங்களில் ராச வாழ்க்கை. பருத்திக்கொட்டை, உளுத்தம் மா, நல்லெண்ணெய், ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை.

“இஞ்சாருங்கோ,” என்றாள் மனைவி, முட்டையை மாட்டின் வாய்க்குள் உடைத்து ஊற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து. “மாட்டுக்கு முட்டை, மனிசனுக்குக் கொள்ளுத்தண்ணி. உதென்ன நியாயம்?”

“நீ உன்ரை வேலையைப் பார்.”

“உங்களுக்குச் சமைக்கிறதுதான் என்ரை வேலை. இப்ப அது இல்லை. அப்ப நான் எதைப் பார்க்கிறது?”

அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒருநாளும் முடிந்ததில்லை. ஆகவே கத்தினேன். நான் கத்துவது அநேகமாக அதற்காகத்தான்.

முதல் முறை வந்தது மாசிக் கடைசியில். ஓடி முடித்து மதகுக்கட்டில் இருந்தேன். நெஞ்சு ஒரு அடி அடிக்காமல் விட்டது. அவ்வளவுதான். எல்லோருக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருக்கிறது, யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஒரு அடி வராமல் விட்டால்தான் தெரியும், எவ்வளவு பெரிய இடைவெளி அது என்று. பிறகு சில்லு கிடங்கில் விழுந்து ஏறுவது போல உள்ளே ஓர் உதை. தொண்டை வரைக்கும் வந்தது. கை குளிர்ந்துவிட்டது. நான் எழுந்து நின்று நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினேன், மாட்டைத் தட்டுவது போல. சரியாகிவிட்டது.

அதன் பிறகு அது என்னை விடவில்லை. குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டும். சும்மா கதிரையில் இருக்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ கரப்புக்குள் அகப்பட்ட மீன் மாதிரித் துடிக்கும். எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியாமல் போயிற்று. இருந்தால் அதைக் கேட்கவேண்டும். எழுந்து நடந்தால் கொஞ்சம் மறக்கலாம். நடந்தால் களைக்கும், களைத்தால் அது திரும்ப வரும். வீட்டுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் நடுவில் ஒரு நாளைக்கு ஐம்பது தரம் நடந்தேன். கழுத்து நரம்பில் விரல் வைத்துப் பார்ப்பேன். பிள்ளைகள் பார்த்தால் சொறிவது போல நடிப்பேன். படலையடியில் நின்ற நிலையிலேயே இரண்டு தரம் கண் இருண்டு, தூணைப் பிடித்துத் தப்பினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் மச்சான் கயிற்றை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவான். நூற்றறுபத்தொன்றுக்கு வந்துவிட்டேன். இன்னும் பதினொரு இறாத்தல். பதினொரு இறாத்தலுக்காக ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டிருப்பானா என்று கேட்பீர்கள். இருந்தேன்.

பங்குனி நடுவில் ஒருநாள், ஓடிக்கொண்டிருக்கும்போதே வாய்க்கால் கட்டு பக்கவாட்டில் எழும்பி என்னை நோக்கி வந்தது. அவ்வளவுதான் நினைவு. கண் விழித்தபோது என் கால் இரண்டும் வாய்க்கால் தண்ணீருக்குள், தலை நானாவின் மடியில். அவர் தலைத்தொப்பியால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். அவருடைய சாரக்கட்டு முழுக்கச் சேறு.

“தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போங்க. இது நல்ல விழுகை இல்ல. முகம் வெள்ளைத் துணி மாதிரிப் போயிட்டுது.”

“நானா, இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. மச்சானுக்கு முக்கியமாய்.”

“நான் ஆருட கதையும் சொல்லமாட்டன். ஆனா நீங்க மௌத்தாப் போனா, கடைசியாக் கண்டது நான்தான் எண்டு சொல்லத்தான் வேணும்.”

அவர் சொல்லவில்லை. ஆனால் வாய்க்காலுக்கு அப்பால் ஒரு கிழவி எருமை மேய்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்குள் கதை மச்சானிடம் போய்விட்டது. மூச்சு வாங்க ஓடிவந்தான். நான் பயந்து போயிருந்தேன், கயிறு போயிற்று என்று. அவன் வந்த வேகத்தில் மாட்டுக்கொட்டிலுக்குள் போனான், கூரையைக் கிளறினான், சாணிக் கும்பியைக் கிளறினான், கடைசியில் வேலியோரத்தில் ஒரு காய்ந்த தேசிக்காயை, எலுமிச்சங்காயை, எடுத்துக்கொண்டு வந்தான்.

“நான் அப்பவே நினைச்சனான், அத்தான். செய்வினை. போன முறை எங்களை வெண்டவங்கள்தான் செய்திருக்கிறாங்கள். மாட்டுக்குச் செய்தால் பிடிபடுமெண்டு ஆளுக்குச் செய்திருக்கிறாங்கள்.”

தேசிக்காய் எங்கள் வீட்டு மரத்துக் காய். அணில் கடித்துப் போட்டது. எனக்கு அது தெரியும். பல் அடையாளம்கூட இருந்தது.

ஆனால் நான் என்ன செய்தேன்? “ஓமடா தம்பி, இருக்கும்,” என்றேன். சொன்னதும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. செய்வினை என்றால் வெட்டலாம், கழிக்கலாம், திரும்ப ஓடலாம். நெஞ்சுக்கு வந்த நோய், வருத்தம் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டில் எது வேண்டும் என்று யாராவது உங்களைக் கேட்டால் நீங்களும் தேசிக்காயைத்தான் எடுப்பீர்கள்.

உடையார்கட்டுக்கு அப்பால் காட்டோரத்தில் செய்வினை வெட்டுகிற ஒருவர் இருந்தார். மச்சான் என்னைச் சைக்கிளில் முன்னால் ஏற்றிக்கொண்டு போனான். அவர் என் முகத்தைப் பார்த்தார், தேசிக்காயைப் பார்த்தார், கண்ணை மூடினார். ஒன்பது நாளைக்கு உப்பில்லாப் பத்தியம். ஒரு கல் உப்பு நாக்கில் படக்கூடாது. முதல் நாளும் நாலாம் நாளும் பேதிக்குக் குடித்து வயிற்றைச் சுத்தமாக்க வேண்டும். வேலை வெட்டியை விடத் தேவையில்லை. வேர்க்க வேர்க்க உள்ளே இருப்பது வெளியே போகும்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தன் தொழிலைச் செய்தார். என் மேல்தான் கோபம். எங்கள் பெட்டகத்தடியில் ஒரு மண்பானை நிறைய உப்பு இருந்தது. அதைத் தாண்டி ஒன்பது நாள் நடப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்தேன்.

முதல் நாள் பேதிக்குக் குடித்துக் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் பனங்காணிக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன். அடுத்த நாள் ஓடினேன். நாலாம் நாள் திரும்பவும் பேதி. கால் தசைகள் கயிறு முறுக்கினது போல இழுத்துக்கொண்டன. சோற்றைக் கண்டால் வாந்தி வந்தது. நெஞ்சு இப்போது ஒரு அடி அல்ல, மூன்று நாலு அடியாக விட்டது. ஆனால் மில்லில் நூற்றைம்பத்துமூன்று காட்டியது. மச்சான் என்னைக் கட்டிப்பிடித்தான்.

“செய்வினை கழலுது அத்தான். அதுதான் உடம்பை முறிக்குது. கழலேக்கை அப்பிடித்தான்.”

ஐந்தாம் நாள் பின்னேரம், அரிவு வெட்டி முடிந்த வயல்வெளியில் மாட்டைப் பூட்டி வெள்ளோட்டம் விட்டோம். மாடு இரண்டும் பொங்கிக்கொண்டு நின்றன. நான் ஏறிக் குந்தினேன். மச்சான் பின்னால் நின்று ஒரு கத்துக் கத்தினான். வண்டில் பறந்தது. காற்று முகத்தில் அடித்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. லேசாக இருந்தேன். மாடுகளுக்கு நான் இருப்பதே தெரியாது என்று நினைத்தேன்.

பிறகு நெஞ்சு நின்றது. வெளி முழுக்க மஞ்சளாகி, ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. கயிறு கையில் இருந்தது தெரியும். கை எங்கே இருந்தது என்று தெரியாது.

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. கண் தெளிந்தபோது நான் சட்டத்தின் மேல் குப்புறக் கிடந்தேன். மாடு இரண்டும் வலப்பக்கம் வெட்டித் திரும்ப, வண்டில் ஒரு வரம்பில் ஏறிச் சரிந்து நின்றது. மச்சான் வண்டிலில் இல்லை. அவன் வரம்படியில் கிடந்தான். நெற்றி பிளந்து இரத்தம் கண்ணுக்குள் ஓடியது. அவனுடைய தலைக்கும் சில்லுத் தடத்துக்கும் நடுவில் என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கை கொஞ்சம் கூடிவிட்டது.

அவன் எழுந்து இருந்து கண்ணைத் துடைத்தான்.

“என்ன நடந்தது?”

“கயிறு வழுக்கிப்போச்சு,” என்றேன். “கை வேர்த்து.”

அது வாயில் தானாக வந்தது. யோசிக்கவேயில்லை. யோசித்திருந்தால் வேறு பொய் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். பிறகு சொன்னான்: “இல்லை அத்தான். என்ரை பிழை. நான் கிட்ட நிண்டு கத்தினதிலை மாடு வெருண்டிட்டுது. ஆர் பிடிச்சாலும் நிண்டிராது.”

நான் எழுந்து மாட்டை அவிழ்க்கப் போனேன்.

வீட்டில் மனைவி தம்பியின் நெற்றியைக் கழுவிச் சீலைத் துண்டால் கட்டினாள். கட்டும்போது அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போனபிறகு குசினி வாசலில் வந்து நின்றாள்.

“கயிறு வழுக்கினதோ?”

“சொன்னனான்தானே.”

“கயிறு வழுக்கினால் ஆளுக்குப் பேயடிச்ச முகம் வருமோ? கழுத்து நரம்பு துடிக்கிறதை நான் படலையிலை இருந்தே பாத்தனான்.”

“சத்தம் போடாதை.”

“நான் சத்தம் போடேல்லை. நீங்கள்தான் போடுறியள்.” உண்மைதான், நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். “எனக்கு இருக்கிறது ஒரு தம்பி. நாளைக்கு விடிய ரெயிலிலை வவுனியா ஆஸ்பத்திரிக்கு வாறியளோ, இல்லாட்டி இப்பவே போய் அவனிட்டைச் சொல்லட்டோ?”

கிளிநொச்சியிலும் மருந்துச்சாலை இருந்தது. அங்கே போனால் அரை நாளில் ஊருக்குத் தெரிந்துவிடும். அவள் அதையும் யோசித்துத்தான் வவுனியா என்றாள். என் மானத்துக்கு அவள் விட்ட இடம் அவ்வளவுதான். போனேன்.

டொக்டர் என்னிலும் இளையவர். குழாயை நெஞ்சில் வைத்துவிட்டு நெடுநேரம் எடுக்கவேயில்லை. இடையில் ஒருக்கால் புருவத்தைச் சுருக்கினார். எனக்கு அந்தப் புருவத்தைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

“ஓடுறனீர் எண்டு மனிசி சொல்லுறா. ஏன் ஓடுறீர்?”

“மெலியிறதுக்கு ஐயா.”

“ஏன் மெலியிறீர்?”

“சவாரிக்கு.”

“மாடு ஓடுறதுக்கு நீர் ஏன் காணும் ஓடுறீர்?”

பக்கத்தில் நின்ற தாதி வாயைப் பொத்திக்கொண்டாள். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். நான் குறைத்துச் சொன்னேன். மனைவி திருத்தித் திருத்திச் சொன்னாள். உப்பில்லாப் பத்தியத்தையும் பேதியையும் அவளே சொன்னாள். டொக்டர் குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கதிரையில் சாய்ந்தார்.

“உம்மடை சவாரி மாட்டுக்கு உப்பு வைக்கிறனீரோ?”

“ஓம் ஐயா. ஒவ்வொரு நாளும். தவிட்டிலை கலந்து ஒரு கை.”

“ஏன்?”

“வேர்க்கிற மாடெல்லோ ஐயா. ஓட்டத்துக்கு விட்டுப்போட்டு உப்பு வைக்காட்டி நரம்பு தளர்ந்து விழுந்து போம்...”

அதோடு என் வாய் நின்றுவிட்டது. தாதி இந்தமுறை சிரிக்கவில்லை. ஒன்பது வயதிலிருந்து மாட்டோடு நிற்கிறவன் நான். மாடு வாங்க வருகிறவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஐந்து நாளும் கூட, பானைக்குள் கைவிட்டு உப்பள்ளி மாட்டுக்குப் போட்டுவிட்டு, கையைத் துணியில் துடைத்திருக்கிறேன், தவறி என் நாக்கில் பட்டுவிடக்கூடாது என்று.

வேர்வையிலும் பேதியிலும் உடம்பில் இருந்த உப்பும் சத்தும் போய்விட்டன, சாப்பாடும் இல்லை, இருதயம் தாளம் தப்பி அடிக்கிறது என்றார். பட்டினியால் வந்ததா, முதலே உள்ளே இருந்த குறையைப் பட்டினி வெளியில் கொண்டுவந்ததா என்று தன்னால் இப்போது சொல்ல முடியாது. உடம்பு தேறியபிறகு யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தருவதாகச் சொன்னார். மூன்று நாள் வார்ட்டில் வைத்தார்கள். உப்புக்கஞ்சி, இளநீர், வாழைப்பழம், பிறகு சோறு. முதல் வாய் உப்புக்கஞ்சி உள்ளே போனபோது எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அல்ல, ஆத்திரத்தில்.

விடும்போது டொக்டர் சொன்னார், ஒரு மாதத்துக்கு ஓடக்கூடாது, வண்டில் ஓட்டக்கூடாது.

“ஐயா, அடுத்த கிழமை சவாரி.”

“சரி.”

“ஓட்டினால் சாவனோ?”

“சாவீர் எண்டும் சொல்லமாட்டன், சாகமாட்டீர் எண்டும் சொல்லமாட்டன். ஓட்டுறதெண்டால் ஓட்டும். ஆனால் உம்மோடை வண்டிலிலை நிக்கிறவனிட்டை முதல் எல்லாத்தையும் சொல்லிப்போட்டு ஓட்டும். அவன் ஓம் எண்டால் எனக்கொண்டுமில்லை.”

என் தங்கையின் வீட்டுக்கு யாழ்ப்பாணம் போய்வந்ததாக ஊருக்குச் சொன்னோம். நெஞ்சு முன்னைப் போலத் துடிக்கவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு தரம், மூன்று தரம். முகத்தில் இரத்தம் வந்துவிட்டது. அதுதான் என்னைக் கெடுத்தது. நல்லாயிருந்தால் பொய்யைத் தொடரலாம் என்று மனம் சொன்னது. ஒரு ஓட்டம்தானே. இரண்டு நிமிடம்கூட இல்லை. மச்சான் ஒவ்வொரு நாளும் நெற்றிக்கட்டோடு வந்து மாட்டைத் தேய்த்தான்.

“பாத்தியளோ அத்தான், முகம் எப்பிடித் தெளிஞ்சிருக்குதெண்டு. ஒன்பது நாளிலை முழுக்கக் கழண்டிட்டுது. அந்தாள் ஆள்தான்.”

மனைவி எனக்கு முன்னால் சோற்றுக் கோப்பையை வைப்பாள், போவாள். தம்பிக்குச் சொன்னியளோ என்று கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். கேட்காதபடியால் எனக்கு இருக்க இடம் இல்லாமல் போயிற்று. வீட்டில் இருந்தால் அவள், கொட்டிலுக்குப் போனால் அவன். வயலுக்குப் போனால் வெட்டி முடிந்த வெறும் வயல், அந்த வரம்பு. ஒரு நாள் வரம்பில் போய் நின்று சில்லுத் தடத்தைக் காலால் அழித்தேன். அழிந்துவிட்டது. அதற்காகவும் என் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

சவாரிக்கு முந்தின நாள் காலை, இரண்டு பேரும் வாய்க்காலில் மாடு கழுவிக்கொண்டிருந்தோம். இடுப்பளவு தண்ணீர். நடுவில் மாடு. அவனுடைய முகம் எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

“அண்டைக்குக் கயிறு வழுக்கேல்லை.”

“என்ன?”

“நான் மயங்கினனான். வாய்க்கால் கட்டிலை விழுந்த மாதிரி. அதுக்கு முன்னமும் ரெண்டுதரம் கண் இருண்டது. செய்வினையுமில்லை, ஒரு மண்ணுமில்லை. நெஞ்சு வருத்தம். வவுனியாவிலை மூண்டு நாள் கிடந்தனான்.”

தேங்காய்த் தும்பு மாட்டின் முதுகில் போய்வந்துகொண்டிருந்தது. நிற்கவில்லை.

“அக்காவுக்குத் தெரியுமோ?”

“தெரியும்.”

“எனக்குத்தான் தெரியாது.”

“சொல்லியிருந்தால் நீ என்னை ஏறவிட்டிருக்கமாட்டாய்.”

“விட்டிருக்கமாட்டன்தான்.” தும்பு நின்றது. “அத்தான், மாடு வெருண்டது என்ரை சத்தத்தாலை எண்டுதான் அண்டையிலை இருந்து யோசிச்சுக்கொண்டு திரியிறன். மாட்டுக்குக் கிட்டப் போய் வாயைத் திறக்கவே பயமாயிருக்குது. நேற்றுத் தனிய வயலுக்குப் போய்க் கத்திப் பாத்தனான். சத்தம் வரேல்லை. தெரியுமோ உங்களுக்கு?”

எனக்குத் தெரியாது. அது எனக்கு எப்படித் தெரியும்? நான் என் நெஞ்சையே கேட்டுக்கொண்டு திரிந்தவன். அவன் ஒரு கிழமையாகப் பேசிய குரல் தாழ்ந்திருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

என்னை அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவன் மாட்டைச் சுற்றி வந்து என் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டான். பிடுங்கவில்லை. வாங்கிக்கொண்டான். இரண்டு மாட்டையும் கரையேற்றிக் கொண்டு போனான்.

அடுத்த நாள் கயிறு பிடித்தது மில்லில் மூடை தூக்குகிற ஒருவன். முந்திச் சவாரி ஓட்டியவன். ஆள் என்னிலும் பாரம். நூற்றுத் தொண்ணூற்றிரண்டாக இருந்த என்னிலும் பாரம். நான் திடலின் ஓரத்தில் கயிற்றுக்கு வெளியே சனத்தோடு நின்றேன். மச்சானுடைய சத்தம் தொடக்கத்தில் வரவில்லை. பாதித் திடல் வந்தபிறகுதான் வந்தது, கரகரத்து, பிளந்துகொண்டு. எங்கள் மாடு ஒரு முழு வண்டில் நீளத்தால் வென்றது. அந்தத் தடியனை ஏற்றிக்கொண்டு. மூன்றாவது மாடு என்று ஒருவனும் கத்தவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்றவன் சொன்னான், “கயிறு பிடிக்கிறவனெல்லோ கயிறு பிடிக்கவேணும்.” அவனுக்கு நான் யார் என்று தெரியாது.

மூன்று மாதம் நான் இளைத்தது எதற்கு என்று அன்று கேட்டுக்கொண்டேன். மெலிவு ஒரு காரணமே இல்லை. நான் நல்ல ஓட்டுக்காரன் இல்லை. அதைச் சொல்ல மச்சானுக்கு வாய் வரவில்லை, தராசைக் காட்டினான். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன், இறாத்தலைக் குறைப்பது சுலபம் என்று.

இரண்டு வருடம் கழித்து யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, இப்போது தாளம் சரி, குறை ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். நான் நேரே மச்சானின் வீட்டுக்குப் போனேன். அவன் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தான். அவனுடைய மகன் கொட்டில் வாசலில் தவழ்ந்தான். துண்டைக் காட்டினேன். அவன் வாங்கிப் படித்தான். ஆங்கிலம் விளங்கியிருக்காது, ஆனாலும் முழுக்கப் படித்தான்.

“நல்லது அத்தான். அக்காவுக்குச் சொன்னியளோ?”

“சொல்லுவன். ஆனியிலை வவுனியாச் சவாரி. கயிறு நான் பிடிக்கட்டோ? கடைசியாய் ஒருக்கால்.”

அவன் துண்டை மடித்து என் சட்டைப் பையில் வைத்தான்.

“நான் நெஞ்சு வருத்தத்துக்காக உங்களை ஏத்தாமல் விடேல்லை, அத்தான்,” என்றான். “இருங்கோ, தேத்தண்ணி போடச் சொல்லுறன்.”

இருந்து குடித்துவிட்டுத்தான் வந்தேன்.